வயிற்றுப் பிள்ளைக்கும் இரண்டு கழிவு

என்னிடம் யாரும் ஓர் எண்ணைச் சொல்லி எழுதச் சொல்லக் கூடாது. நீங்கள் பத்து என்றால் என் கை எட்டு என்று எழுதும். இது திருட்டு இல்லை, தொழில் பழக்கம். (இப்படித்தான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.)

நமுனுகுல மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிக்கும் பெண்கள் சாக்கோடு வந்து வரிசையில் நிற்பார்கள். நான் நிறுத்துப் புத்தகத்தில் எழுதுவேன். தராசு இருபது காட்டினால் புத்தகம் பதினெட்டு காட்டும். சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ கழிவு. மழை நாளில் மூன்று. "ஏங்கய்யா, வெறும் சாக்கு ஒரு கிலோவா இருக்கும்?" என்று முருகாயி அக்கா தினமும் கேட்பார். நானும் தினமும் காது கேட்காதவன் மாதிரி அடுத்த சாக்கைப் பார்ப்பேன்.

அந்தச் சமயத்தில் என் மனைவி சரோஜாவுக்கு எட்டாவது மாதம். கிளினிக்கில் மிட்வைஃப் அம்மா ஓர் அட்டை கொடுத்தனுப்பினார். காலை எட்டு மணியிலிருந்து பிள்ளை உதைப்பதை எண்ணி எழுத வேண்டும். பத்து வந்ததும் நிறுத்திவிடலாம். இரவு எட்டுக்குள் பத்து வராவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சரோஜா இதையெல்லாம் வீட்டில் வந்து விளக்கமாகச் சொன்னாள். நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே "சரி சரி" என்றேன். அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

"நீ எண்ணு, நான் எழுதுறேன். உன் எழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும்."

(அவள் ஏ.எல். வரை படித்தவள். நான் அதற்குக் கீழே ஓ.எல்., அதுவும் இரண்டாந்தரம் எழுதி.)

மத்தியானம் சாப்பிட வரும்போது "பத்துங்க" என்பாள். நான் எட்டு என்று எழுதுவேன். பொம்பளைகள் சொல்லும் கணக்கை அப்படியே நம்பிவிட முடியுமா? வாயுவுக்கு ஒன்று, சந்தேகத்துக்கு ஒன்று. மழை நாளில் கை தானாகவே ஏழு போட்டது. எழுதியதும் அட்டையைக் கொழுந்துக் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்துவிடுவேன்.

இரண்டு வாரம் கழித்து, அடுத்த கிளினிக் அன்று காலையில்தான் அட்டையை அவள் கையில் கொடுத்தேன். மிட்வைஃப் அம்மா வாங்கிப் பார்த்திருக்கிறார். எட்டு, எட்டு, ஏழு, எட்டு, ஏழு, ஏழு.

"ஏம்மா, ஒரு நாளாவது பத்து வரலியே. இத்தன நாளா வீட்டுல என்ன செஞ்சுகிட்டு இருந்த?"

"தினமும் வந்துச்சுங்களே."

"அட்டையில இல்லியே."

எனக்குப் போன் வந்தபோது நான் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு அசைவு போதாதாம், பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம். செக்ரோல் புத்தகத்தைக் கையில் பிடித்தபடியே ஓடி சரோஜா இருந்த வேனில் ஏறினேன். வழி நெடுக ஒப்பாரி வைக்காத குறைதான். மாரியம்மனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன்.

"இந்தா, இப்பக்கூட உதைக்குதுங்க" என்றாள் சரோஜா.

"பேசாம படும்மா" என்றார் மிட்வைஃப் அம்மா.

"தைரியமா இரு" என்று நான் தேம்பினேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க மொதல்ல மூக்கச் சிந்துங்க" என்றாள் அவள்.

ஆஸ்பத்திரியில் ஒரு மிஸ்ஸி அவள் வயிற்றில் பட்டி கட்டி மெஷினோடு இணைத்தார். பண்டாரவளைக்காரர், தமிழ் நன்றாகப் பேசும் தாதி. பிள்ளையின் இதயம் கடகடவென்று அடித்தது. பிள்ளை விட்ட உதையில் பட்டியே ஒரு முறை நகர்ந்தது. மிஸ்ஸி பிள்ளையின் சத்தத்தைக் கேட்டார், அட்டையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அட்டை இப்படி இருக்கே. இன்னும் அஞ்சு வாரம் கெடக்கு. டொக்டர் வந்து பாத்தா, இன்னைக்கே ஒபரேஷன் பண்ணி எடுக்கலாம்னுகூடச் சொல்லலாம்." பிறகு அட்டையில் விரலை வைத்து, "அது ஏன் இந்த நாளெல்லாம் மட்டும் ஏழு?" என்றார்.

என் வாய் என்னைக் கேட்காமல் பதில் சொன்னது.

"அன்னைக்கெல்லாம் மழைங்க, மிஸ்ஸி."

சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. டொக்டர் இரண்டு கட்டில் தள்ளி நின்றார். சமாளித்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவள் வயிற்றைக் கிழித்தாலும் என் கௌரவம் கிழியக் கூடாதாம்.

"மழை நாள்ல மூணு கழிப்போங்க. மத்த நாள்ல ரெண்டு."

"எதுல?"

"கொழுந்துல." அட்டையைக் காட்டினேன். "புள்ளையிலயும்."

மிஸ்ஸி பேனாவை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பக்கத்துக் கட்டிலில் வலியோடு கிடந்த வெலிமடைப் பெண், "ஐயோ, என்னச் சிரிக்க வைக்காதீங்க" என்று கெஞ்சினாள். டொக்டர் வந்து பார்த்து, ஒபரேஷன் தேவையில்லை, ஒரு நாள் வைத்துப் பார்த்து அனுப்புவோம் என்றார்.

சரோஜா மட்டும் சிரிக்கவில்லை.

"என் வயித்துல இருக்கிறத நான் சொன்னா நம்ப மாட்டீங்க" என்றாள். "அந்தப் பொம்பளைங்க கிட்டயும் இப்படித்தான் கழிக்கிறீங்களா?"

கையில் இருந்த செக்ரோல் புத்தகத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

அஞ்சு வாரம் கழித்து மகள் பிறந்தாள். அதே மிஸ்ஸிதான் பிள்ளையைத் தராசில் போட்டுவிட்டு, வார்டே கேட்கும்படி சொன்னார்: "தோட்டத்து ஐயா, மூணு கிலோ நூறு. துணிய எடுத்துட்டுத்தான் நிறுத்தேன். கழிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல."

தோட்டத்துக்குத் திரும்பி வேலைக்குப் போனால், வார்டு முழுக்கக் கேட்ட கதை எனக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. முருகாயி அக்கா சாக்கைத் தராசில் மாட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, இது கொழுந்து. உதைக்காது. நல்லாப் பாத்து எழுதுங்க."

வரிசையே சிரித்தது. நான் வெறும் சாக்கை வாங்கித் தராசில் போட்டேன். முந்நூறு கிராம். எத்தனை வருஷத்து எழுநூறு கிராம்கள் என் கண் முன்னால் வந்து நின்றன என்று சொல்ல முடியாது. அன்றிலிருந்து சாக்கு எவ்வளவோ அவ்வளவுதான் கழிக்கிறேன். அதற்காக ஆபீசில் வாங்கிக் கட்டிக்கொள்வது தனிக் கதை.

வீட்டில்தான் இன்னும் மன்னிப்பு இல்லை. மகளுக்கு இப்போது எட்டு வயது. நேற்று சாயங்காலம் சரோஜா அடுப்படியிலிருந்து "எத்தன ரொட்டி வேணும்?" என்று கேட்டாள். "அஞ்சு" என்றேன். மகள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டுதான் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் யன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

"மழைப்பா."