நாலு புள்ளி இரண்டைத் தேடி

பராகுவேயின் அசுன்சியோனில் அன்று நிமியா ஒவேலார் கொடுத்த வாக்குக்கு மிச்சமிருந்தது இரண்டு மணி நேரம். ஆம்புலன்ஸ் அனுப்பும் நிலையத்துக்குப் புது மென்பொருளை ஐந்து மணிக்குத் தருவதாக முதலாளி தோன் எலிஹியோவிடம் அவள்தான் வாக்குக் கொடுத்திருந்தாள். தவறினால் ஒப்பந்தம் போகும். அவள் வேலை நிரந்தரமாவதும் அதோடு போகும்.

மணி மூன்று. கணினி சிவப்பெழுத்தில் ஒரே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது: 'வரைபடத் தொகுப்பு 4.2 கிடைக்கவில்லை.'

சுவர்ப் பலகையில், 'அழிக்காதீர்கள்' என்று அவள் கையாலேயே எழுதிய கட்டத்துக்குள், மென்பொருளுக்கு வேண்டிய தொகுப்பு 4.2 என்றுதான் கொட்டை எழுத்தில் இருந்தது. தொகுப்பைச் செய்த அனிபால் விடுமுறையில் பரானா ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். போன் எடுக்கவில்லை.

நிமியா தொகுப்புகளின் பட்டியலைத் திறந்தாள். 4.1 இருந்தது. அடுத்து 4.3.

"ஒண்ணுக்கு அப்புறம் மூணாம். பட்டியலே கெட்டுக் கிடக்கு," என்றாள்.

பக்கத்து மேசை தெர்லிஸ் எட்டிப் பார்த்தான். "பழைய பட்டியலை வச்சு ஓட்டுது. துடைச்சு விடு."

கணினி அப்படித்தான். வெளிக் கிடங்கில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொள்ளும். பிறகு எழுந்து போய்ப் பார்க்காமலே 'சரக்கு இல்லை' என்று கையை விரிக்கும், சோம்பேறிக் கணக்கப்பிள்ளை மாதிரி.

துடைத்தாள். குறிப்போடு சரக்கும் போயிற்று. எல்லாம் மறுபடி இறங்க நாற்பது நிமிடம் பிடித்தது. இறங்கியதும் அதே சிவப்பு வரி.

தெர்லிஸ் பெரிய மனது பண்ணித் தன் கணினியில் ஓட்டிப் பார்க்கச் சொன்னான். அதையும் துடைத்தார்கள். அதுவரை ஒழுங்காக ஓடிய அதுவும் படுத்தது.

மிச்சம், அலமாரிக்குள் ஆபீஸுக்கே பொதுவாக நின்ற சர்வர் கணினி. அதுவும் ஒரு பட்டியல் வைத்திருந்தது. நிமியா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையும் துடைத்தாள். ஆறு பேரின் வேலை ஒரே நேரத்தில் நின்றது.

எல்லார் வேலையையும் நிறுத்துகிறவர்தான் எல்லாருக்கும் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீரை ஊற்ற வேண்டும் என்பது அந்த ஆபீஸின் சட்டம். ஐஸ் தண்ணீர்க் கூஜாவோடு அவள் குவளையை ஆள் ஆளாகச் சுற்றவிட்டாள். நிரந்தரமானால் தினமும் இப்படி ஊற்றுவாயா என்றான் ஒருவன். தோன் எலிஹியோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உறிஞ்சினார்.

நாலு ஐம்பதுக்கு எல்லாம் இறங்கி முடிந்தது. 4.1. 4.3. அதே சிவப்பு வரி.

அப்போது வாளியோடு வந்தார் ஆபீஸைக் கூட்டித் துடைக்கும், எல்லாரும் மரியாதையாக 'ஞா' போட்டு அழைக்கும் பெரியம்மா, ஞா செவெரியானா. பலகைக்கு முன்னால் நின்றார்.

"இன்னும் மாத்தலையா இதை?"

நிமியா திரும்பினாள். "எதை ஞா செவெரியானா?"

"திங்கக்கிழமை அனிபால் தம்பி ஆபீஸுக்குப் போன் பண்ணுச்சு, நான்தான் எடுத்தேன். நாலு புள்ளி ரெண்டுல ஆம்புலன்ஸுக்குக் காட்டுற வழி ஆத்துக்குள்ள போகுதாம், அதைத் தூக்கிட்டேன், நாலு புள்ளி மூணை எடுத்துக்கச் சொல்லுங்கன்னுச்சு. உன்கிட்டதான் சொன்னேன். காதுல மாட்டினதைக் கழட்டாம 'பலகையில எழுதிடுங்க'ன்னே. எழுத வந்தா, அழிக்காதீங்கன்னு நீயே எழுதி வச்சிருக்கே."

ஞா செவெரியானா ஈரத் துணியைப் பிழிந்து அவளிடம் நீட்டினார்.

"ஊர்ப்பட்டதை எல்லாம் துடைச்சியாமே. துடைச்சது மூணு, பாக்கி ஒண்ணு."