வடக்குத் தெற்காக ஒரு பூப்பாத்தி

பெரிய பங்களா ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிற மனிதனை ஒரு கிழமைக்கு, முழுசாக ஏழு நாளைக்கு, சொந்த வீட்டுக்குள் விடக்கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் மாத்தளையில் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தேன். சரக்குப் பார்க்க ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் போனபோது, துரை பங்களாவின் பின்பக்கத்தைப் பார்த்துத் தொலைத்தேன். பச்சைப் புல், நடுவே வட்டமாகக் கல் கட்டிய பூப்பாத்தி, சுற்றிவரக் கதிரைகள். துரையும் துரைசானியும் காலை நீட்டிக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள். எங்கள் பின்வளவில் விறகும் கோழிக்கூடும்தான் இருந்தன. (அங்கே காலை நீட்டும் வசதி கோழிகளுக்கு மட்டும்.)

அந்த நேரம் பார்த்து என் தங்கை பரீதாவுக்கு யட்டவத்தையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வாப்பா மௌத்தாகி, மண்ணுக்குள் போய் மூன்று வருஷம். வீட்டுக்குப் பெரிய ஆண் அவளுடைய நானா, அதாவது அண்ணன், நான்தான். (மீசை இன்னும் முடிவெடுக்காத வயது.) முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களும், நாலு பேருக்கு மேல் கொள்ளாத எங்கள் முன்னறையைப் பார்த்ததோடு முடிந்தன. இந்த மாப்பிள்ளையைப் பரீதா ஒரு கலியாண வீட்டில் தூரத்திலிருந்து கண்டிருக்கிறாள். அவளாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் பெயர் பேச்சில் வந்ததும் குசினிக்குள் போய், கழுவிய சட்டியை மறுபடியும் கழுவினாள். இதுவும் தவறிப் போனால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்று எனக்குப் பயம். வருகிறவர்களோ எட்டுப் பேர். பின்வளவைப் பங்களா ஆக்குவதென்று முடிவெடுத்தேன்.

இரத்தோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சிங்கள மேசன் பாஸை, கல் கட்டுகிற கொத்தனாரை, கூட்டி வந்தேன். எங்கள் வளவு ஒடுக்கமானது, வடக்குத் தெற்காக நீண்டு கிடந்தது. வட்டப் பாத்தி கட்டினால் கதிரை போட இடமிருக்காது. ஆகவே பாத்தியையும் வடக்குத் தெற்காகவே நீட்டினேன். எவ்வளவு நீளம் என்று பாஸ் கேட்டார். என் சிங்களம் கடைச் சிங்களம், விலை பேசத்தான் உதவும். "ஒரு ஆள் நிம்மதியாகக் கால் நீட்டிப் படுக்கிற அளவு" என்று அதில் சொல்லி, கையையும் விரித்துக் காட்டினேன். பாஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அனே, பவ்" என்றார். (ஐயோ பாவம் என்று அர்த்தம். இந்த வயதில் இவ்வளவு பெரிய வேலையில் இறங்கியிருக்கிறேனே என்று இரங்குவதாக நினைத்துக்கொண்டேன்.)

மண்ணைக் குவித்து, சுற்றிவர ஆற்றுக் கல் பதித்தார். அழகுக்காகத் தலைப்பக்கம் ஒன்றும் கால்பக்கம் ஒன்றுமாக இரண்டு பலகைக் கற்களை நிமிர்த்தி நடச் சொன்னேன். சுண்ணாம்பும் பூசச் சொன்னேன். தலைப்பக்கம், கால்பக்கம் என்று என் வாயாலேயே சொன்னபோதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மேலே குரோட்டன் நட்டேன். வேலை முடிந்ததும் பாஸ் தொப்பியைக் கழற்றி, தலை குனிந்து கொஞ்ச நேரம் நின்றார். என் கலையைக் கண்டு மனிதர் மயங்கிவிட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டாருக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று குசினிக் கதவுக்குச் சாக்குத் தொங்கவிட்டு, கிணற்றடிக்குச் சுற்றிப் போகச் சொல்லியிருந்தேன்.

"அப்பிடி என்னத்த மகன் கட்டுறீங்க?" என்று என்னைப் பெற்ற உம்மா கேட்டார்.

"பொறுங்க உம்மா. வாறவங்க அப்பிடியே நின்டுருவாங்க."

நின்றுதான் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளையோடு எட்டுப் பேரும் வந்தார்கள். முன்னால் மாப்பிள்ளையின் பெரிய வாப்பா, ஒரு ஹாஜியார். அவர்களை முன்னறையில் உட்காரவே விடாமல் பின்பக்கம் ஓட்டிக்கொண்டு போய், சாக்கை இழுத்துவிட்டேன்.

ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்தார். மெல்லிய குரலில் ஏதோ ஓதினார். மாப்பிள்ளையின் உம்மா முக்காட்டை இழுத்துவிட்டார். எல்லோரும் கையேந்தினார்கள். நல்ல காரியத்தை துஆவோடு தொடங்குகிறார்கள் என்று எண்ணி, எட்டுப் பேரையும்விடச் சத்தமாக "ஆமீன்" சொன்னேன்.

"வாப்பாட தானே, மகன்?" என்று ஹாஜியார் கேட்டார்.

"இல்ல ஹாஜியார், என்டது."

"உங்கடதா?"

"ஓ. நானே முன்னுக்கு நின்டு கட்டினது."

"இந்த வயசுலயா?"

"இப்பவே கட்டினாத்தானே அனுபவிக்கலாம்! இனி நான் இங்கதான் கெடப்பேன். நீங்களும் வாங்க ஹாஜியார், எல்லாருக்கும் எடம் ஈக்கி."

மாப்பிள்ளையின் உம்மா இரண்டடி பின்வாங்கினார். "உசிரோட ஈக்கக்குள்ளயே கபுறு கட்டி வச்ச வீட்டுல எப்பிடிப் பொண்ணெடுக்குற?" என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது.

கபுறா? திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஆட்களைப் புதைக்கிற அதே வடக்குத் தெற்குத் திசையில் ஆறடி மண்மேடு. தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, வெள்ளை வெளேரென்று மீசான் கல். அடக்கஸ்தலத்தில் நடுகிற அதே மீசான். வாப்பாவை அடக்கிய அன்று இப்படியொரு மேட்டின் பக்கத்தில்தான் நின்றேன். அந்தக் கண்ணை இந்த ஒரு கிழமை எங்கே அடகு வைத்திருந்தேனோ தெரியாது. என் தங்கையின் மூன்றாவது சம்பந்தத்தையும் நானே மண் தள்ளி மூடிவிட்டேன்.

அப்போது பெண்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கத் தட்டோடு வந்தாள் பரீதா. குனிந்த தலை நிமிரக்கூடாது என்று உம்மா சொல்லி அனுப்பியிருந்தார். குனிந்த தலைக்கு நேரே என் பாத்தி.

"அல்லாஹ்! நானா, யார மௌத்தாக்கினீங்க?"

கேட்டவளுக்கே சிரிப்பு பீறிட்டது. தட்டில் கோப்பைகள் கிடுகிடுத்தன. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வாய்விட்டுச் சிரித்த முதல் பெண் மாத்தளையில் அவளாகத்தான் இருப்பாள். உம்மா குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்துச் சிரித்தது மாப்பிள்ளை. "பூப்பாத்தி தானே மச்சான்?" என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்த் தலைமாட்டுக் கல்லை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். கால்மாட்டுக் கல்லையும் பிடுங்கினார். அடியில் ஆற்றுக் கற்களை அடுக்கி, இரண்டையும் மேலே படுக்கப் போட்டார்.

"நின்டாத்தான் மீசான், பெரிய வாப்பா. படுத்தா பெஞ்சு. இரிங்க."

ஹாஜியார் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிஸ்மி சொல்லி உட்கார்ந்தார். "சொகமாத்தான் ஈக்கி" என்றார். மாப்பிள்ளையின் உம்மா கடைசியாக உட்கார்ந்தார், அதுவும் நுனியில். பரீதா உள்ளே ஓடிவிட்டாள். ஆனால் அவள் சிரிப்பு குசினியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "சிரிக்கத் தெரிஞ்ச புள்ள, உம்மா" என்று அவர் மெதுவாகச் சொன்னபோது நான் எல்லோர் முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதேன். மூன்று மாதத்தில் நிக்காஹ் நடந்தது.

எங்கள் குடும்பத்தில் இன்றும் சொல்லிச் சிரிப்பது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். அவர்களுடைய மூத்த மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். வகுப்பில் வீட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். "எங்கட உம்மாவும் வாப்பாவும் மொதமொதல்ல ஒன்டாச் சிரிச்சது மாமாட கபுறடியில" என்று எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் நல்ல மனுஷி. அன்று பின்னேரமே தங்கை வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார். விருந்துக்குப் போயிருந்த நான்தான் கதவைத் திறந்தேன்.

"புள்ளட மாமா மௌத்தாமே. எப்பிடி நடந்த?" என்று கண் கலங்கக் கேட்டார்.

அன்று கல் பிடுங்கிய மச்சான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "அவருக்கிட்டயே கேளுங்க டீச்சர், அவருக்குத்தான் நல்லாத் தெரியும்!"