நான் ஒழுங்குபடுத்திய இடப்பெயர்வு

யாழ்ப்பாணத்தில் கலியாணமான இருவருக்கு எதையும் பரிசாகக் கொடுக்கலாம். சுவர்க்கடிகாரம், குத்துவிளக்கு, கண்ணாடிக் கோப்பைகள் (பெட்டி பிரிக்கப்படாமலே அடுத்த கலியாணத்துக்குப் போய்விடும்), எதற்கும் தடையில்லை. தனிமையை மட்டும் கொடுக்க முடியாது. இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு குடும்பத்தையே வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்குக் கிளப்ப வேண்டியிருந்தது.

என் நண்பன் ரஞ்சனும் அவன் மனைவி கிருபாவும் மானிப்பாயில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள். காலையில் இரண்டு சைக்கிள்களில் சேர்ந்து போய், பின்னேரம் சேர்ந்து வருவார்கள். வீட்டில் ரஞ்சனின் அம்மா, தங்கை, தங்கையின் கணவர், அவர்களுடைய பிள்ளைகள். அந்த வீட்டின் ஒரே அலுமாரி ரஞ்சன், கிருபா இருவரின் அறையில் நின்றது. எல்லாருடைய உடுப்பும், போர்வையும், காய்ச்சல் குளிசையும், பிள்ளைகளின் நிறப்பென்சில்களும் அதற்குள்ளேதான். அந்த அறைக் கதவு ஐந்து நிமிடம் தொடர்ந்து சாத்தியிருந்ததைப் பார்த்தவர் எவருமில்லை.

ஒருநாள் கிருபா என்னிடம் சொன்னாள்: "நேசன் அண்ணை, எங்கடை கலியாண நாள் வருது. நகையும் வேண்டாம், சீலையும் வேண்டாம். ஒரு ராத்திரி கதவைப் பூட்டிப்போட்டு இவரோடை இருந்து கதைக்கவேணும்."

"என்னத்தைக் கதைக்கப்போறீர்?" என்றான் ரஞ்சன்.

"அது மறந்துபோச்சு. அவ்வளவு காலமாச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டாள். அந்தக் கணமே நான் பரிசைத் தீர்மானித்துவிட்டேன். (என்னைப் போன்றவர்கள் தீர்மானிக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் கையைப் பிடித்துத் தடுக்கவேண்டும்.)

நான் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞன். மிச்ச நேரத்தில் ஊர்ச் சரித்திரம் சேர்ப்பவன். எந்தக் கோயில் மணி எப்போது வார்க்கப்பட்டது, எந்தப் புயலில் எந்தப் பாலம் உடைந்தது என்று கேட்டால் நாள், கிழமையோடு சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். சைக்கிளில் உலகம் சுற்றியவர்கள் எழுதிய புத்தகங்களையும் விழுந்து விழுந்து வாசித்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கும் ரஞ்சனுக்கு இருப்பதுபோல நீர்வேலியில் ஒரு பெரியப்பா இருக்கவில்லை என்பதை மட்டும் கவனிக்கத் தவறிவிட்டேன்.

திட்டம் அழகானது. மாசி மாதம், மழை ஓய்ந்து வெயில் ஏறாத காலம், ஒரு சனிக்கிழமை. மானிப்பாயிலிருந்து நீர்வேலி வாழைத்தோட்டங்களுக்குள்ளால் புத்தூர், வண்ணாத்திப்பாலம், சாவகச்சேரி. அதற்கு அங்கால் கச்சாயில் கடனீரேரிக் கரையோடு ஒரு சிறிய வீடு. என் அக்கா சாவகச்சேரியில் இருப்பதால் அதை அவளே பிடித்துத் தந்தாள். மாமியிடம், அதாவது ரஞ்சனின் அம்மாவிடம், பாடசாலைப் பயிற்சி என்று சொல்வதாக ஏற்பாடு.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வழியில் டயர் வெடித்தால்? வெயிலில் தலை சுற்றினால்? ஆகவே வெள்ளிக்கிழமை நீர்வேலிப் பெரியப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பெரியப்பா, நாளைக்கு ரஞ்சனும் கிருபாவும் சைக்கிளிலை உங்கடை பக்கத்தாலை வருவினம். தண்ணிவிடாய்க்கு ஏதும் குடுத்து விடுங்கோ."

"எங்கை போகினம்?"

"சாவகச்சேரிப் பக்கம்."

"சைக்கிளிலையோ? உடுப்புப் பையோடையோ?"

"ஓம். ராத்திரி அங்கைதான் தங்குவினம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

பெரியப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, நீர் கந்தோரிலைதானே வேலை?"

"ஓம்."

"விளங்குது. நான் வாயே திறக்கமாட்டன்."

எவ்வளவு இங்கிதமான மனிதர் என்று நினைத்தேன். அதே பாடத்தைப் புத்தூரில் ரஞ்சனுக்குப் படிப்பித்த தங்கராசா மாஸ்டருக்கும் ஒப்புவித்தேன். அவரும் "விளங்குது" என்றார்.

போர்க்காலத்தில், ஓர் ஐப்பசி மழையில், எங்கள் வலிகாமத்துச் சனம் முழுவதும் உடுப்புப் பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரே இரவில் சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சிக்குப் பெயர்ந்தது. அந்த நாள் எனக்குத் தெரியும். கிழமை தெரியும். மழை எத்தனை மணிக்குத் தூறத் தொடங்கியது என்றுகூடச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனால் பையோடு, சைக்கிளில், சாவகச்சேரிக்கு, யாருக்கும் சொல்லாமல் என்று கந்தோர்க்காரன் ஒருவன் சொன்னால் அந்த வயதுக்காரர் காதில் அது எப்படி விழும் என்பது மட்டும் என் மண்டைக்கு எட்டவில்லை.

சனிக்கிழமை காலை பெரியப்பா வீட்டுப் படலைக் கதவடியில் நின்றாராம். பக்கத்தில் ஒரு வாழைக்குலை, அரைமூடை அரிசி, அலுமினியச் சட்டி, மண்ணெண்ணெய்க் கான். வாழைக்குலையைக் கிருபாவின் சைக்கிளிலும் மிச்சத்தை ரஞ்சனின் சைக்கிளிலும் தானே கட்டினார்.

"பெரியப்பா, ஒரு ராத்திரிக்குத்தானே" என்றான் ரஞ்சன்.

"அப்பவும் ஒரு ராத்திரிக்கெண்டுதான் வெளிக்கிட்டனாங்கள்."

அவர் எதைச் சொல்கிறார் என்று ரஞ்சனுக்குப் பிடிபடவில்லை. கிருபாவுக்குப் பிடிபட்டது, ஆனால் வாழைக்குலையின் பாரத்தில் அவளுடைய சைக்கிள் சரிந்துகொண்டிருந்தது.

புத்தூரில் தங்கராசா மாஸ்டர் எதையும் கொடுக்கவில்லை. அவரும் மனைவியும் தயாராக நின்று, தங்கள் சைக்கிளில் பின்தொடர்ந்தார்கள். வண்ணாத்திப்பாலத்தைத் தாண்டும்போது மாஸ்டரின் அயலவர்களும் சேர்ந்து அது ஓர் ஊர்வலமாகிவிட்டது. சரசாலையில் தேத்தண்ணிக் கடைக்காரர் வெளியே வந்து, "என்ன மாஸ்டர், திரும்பவுமோ?" என்றார்.

"பேசாமல் கடையைப் பூட்டும்" என்றார் மாஸ்டர்.

மத்தியானம் அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "தம்பி, ரெண்டு பேர் எண்டுதானே சொன்னனீ? இஞ்சை ஒரு ஊரே வந்து வீட்டு முற்றத்திலை அடுப்பு மூட்டியிருக்கினம்."

நான் மோட்டார் சைக்கிளில் பறந்துபோய்ச் சேர்ந்தபோது கரையோர வீட்டு வாசலில் ஒரு வான் வந்து நின்றது. பெரியப்பா வாயைத் திறக்கவில்லைதான். மாமியின் காதுக்குள் மட்டும் சொல்லியிருக்கிறார். வானிலிருந்து பெரியப்பா, தங்கை, தங்கையின் கணவர், பிள்ளைகள், இரண்டு தலையணை, பிட்டுப் பானை எல்லாம் இறங்கின. கடைசியாக மாமி. ஒரு கையில் வீட்டுச் சாமிப்படம். மற்றக் கையில் காணி உறுதிப் பத்திரங்கள் வைத்த பை.

"எத்தினை நாளைக்காம் தம்பி?" என்றார் என்னிடம்.

"எது மாமி?"

"நீர்தானே அறிவிச்சனீர்."

"மாமி, இது... கலியாண நாள்."

"ஆற்றை கலியாண நாள்?"

"ரஞ்சனின்டையும் கிருபாவின்டையும்."

பெரியப்பா கடலைப் பார்த்தார். மாஸ்டர் தன் சைக்கிள் மணியைத் துடைத்தார். மாமி சாமிப்படத்தைச் சீலைத் தலைப்பால் மெதுவாக மூடினார், சுவாமிக்கும் வெட்கமாக இருக்கும் என்பதுபோல.

"அதுக்கேன் இவ்வளவு ரகசியம்? கேட்டிருந்தால் அந்த அலுமாரியைத் தூக்கி விறாந்தையிலை வைச்சிருப்பன்."

கிருபா படியில் இருந்தாள். காலையிலிருந்து மிதித்த களைப்பு முகத்தில், வாழைக்கயர்க் கறை சட்டை முழுக்க. நான் பக்கத்தில் போனேன்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ," என்றாள். "கலியாணத்துக்கு வராத ஆக்களும் இண்டைக்கு வந்திருக்கினம்."

அவள் கண் கலங்கியிருந்தது. உடனே நான் அந்தக் கடனீரேரியில் முற்காலத்தில் இருந்த துறைமுகம் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். (ஓம், உண்மையாகவே தொடங்கினேன்.)

பெரியவர்களுக்கோ இப்போது திரும்பிப்போகவும் வெட்கம். "வந்தது வந்தாச்சு, கூழ் காய்ச்சுவம்" என்று பெரியப்பா அறிவித்தார். நண்டு வந்தது, மீன் வந்தது. எல்லாரும் இரவு தங்குவது என்று முடிவானது. வான்காரர் பட்டணத்தில் வேறொரு ஓட்டம் இருப்பதாகவும் விடிய வந்து ஏற்றுவதாகவும் சொன்னார். மாமி மீன் அலசிக்கொண்டே இடுப்பிலிருந்த வீட்டுத் திறப்பை, அதாவது வாசற்கதவுச் சாவியை, கிருபாவிடம் நீட்டினார்.

"பிள்ளை, கை முழுக்கச் செதில். உதை ஒருக்கா வைச்சிரு."

கிருபா திறப்பைப் பார்த்தாள். ரஞ்சனைப் பார்த்தாள். ரஞ்சன் வானைப் பார்த்தான்.

கூழுக்குள் பயித்தங்காய் போடுவதா வேண்டாமா என்று பெரியப்பாவும் மாஸ்டரும் உரத்த குரலில் வாதாடிக்கொண்டிருந்ததால், இரண்டு சைக்கிள்கள் வானின் கூரையில் ஏறிய சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை. கூழ் வார்க்கும்போதுதான் என் தொலைபேசி அடித்தது.

"நேசன் அண்ணை, நாங்கள் வீட்டை வந்திட்டம். மாமியிட்டைச் சொல்லிவிடுங்கோ, கதவு பூட்டியாச்சு எண்டு."

"எந்தக் கதவு?"

"எல்லாக் கதவும்."

அப்படியே மாமியிடம் சொன்னேன். அவர் ஒரு வாய் கூழ் குடித்தார். தோள் குலுங்கியது. முதலில் புரைக்கேறிவிட்டது என்று நினைத்தேன், சிரிப்பு.

"விடியவும் வானை அவசரப்படாமல் ஆறுதலா வரச்சொல்லும்" என்றார்.

திங்கட்கிழமை கிருபாவைக் கண்டதும் கேட்டேன், ஆசைப்பட்டதையெல்லாம் கதைத்தார்களா என்று.

"என்னத்தைக் கதைக்கிறது அண்ணை? கதவைப் பூட்டினதுதான் தெரியும். விடிய வான் சத்தம் கேட்கும்வரை ரெண்டு பேரும் நித்திரை." இவ்வளவு சந்தோசமாக அவள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாசியிலும் கச்சாய்ப் பயணம் உண்டு. மாமி, பெரியப்பா, மாஸ்டர் தம்பதி, நான். கலியாண நாள்காரர் இருவரும் வருவதில்லை. போன வைகாசியில் அக்காவின் மகளுக்குக் கலியாணம். மணவறையில் எல்லாரும் அறுகரிசி போட்டு வாழ்த்த, மாமியும் போட்டார். போட்டுவிட்டு மணப்பெண்ணின் காதுக்குள், முன்வரிசை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்:

"பிள்ளை, வெட்கப்படாமல் எப்பவெண்டு சொல்லு. நாங்கள் ஒரு நாளைக்கு இடம்பெயர்ந்து தாறம்."