ஐந்து கட்டத் தாள்

அன்று சுகாதார நிலையத்தின் பின்னறையில் இருந்தவர்கள் மூன்று பேர். கரும்பலகை ஓரம் ஆலோசகர் ரிஹாப். ஜன்னலடியில், உள்ளே அரிசி அடைத்துச் சமைக்கப் பிஞ்சுச் சுரைக்காய் குடைந்தபடி, ஆலோசனைக்கு வரும் உம் கைஸ். மூன்று நாளாகக் குளிக்காத முன்திர் கதவோரம், தானாகவே தள்ளி.

மனைவி ஸல்மா இறந்ததிலிருந்து முன்திருக்குத் தூக்கம் இல்லை. "அழுத்துற பிரச்சினையில ஒண்ணை மட்டும் எடுங்க" என்று ரிஹாப் ஐந்து கட்டம் போட்ட தாள் கொடுத்திருந்தாள்: பிரச்சினை, வழிகள், தேர்ந்த வழி, செய்தது, பலன். நிலப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் படிவம் நிரப்பியவர் அழகாகவே நிரப்பினார்.

பிரச்சினை: வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை வரும் தண்ணீர், மாடியிலுள்ள என் தொட்டியில் செவ்வாய்க்குள் தீர்கிறது. மேல்வீட்டு பஸ் டிரைவர் அபூ ஹாஸிம் திருடுகிறான்.

"நீங்க பார்த்தீங்களா?"

"தினம் காலையில மாடிக்குப் போறானே, காத்து வாங்கவா?"

முதல் வாரம் மாடிக் கதவைப் பூட்டினார். தண்ணீர் திங்களோடு தீர்ந்தது. இரண்டாம் வாரம், தன் தொட்டிக்கும் அபூ ஹாஸிமின் தொட்டிக்கும் நடுவே ஓடிய குழாயைக் கண்டுபிடித்து வெட்டினார். சனிக்கிழமையே வறண்டது. மூன்றாம் வாரம் 'தண்ணீர்த் திருடன் அபூ ஹாஸிம்' என்று எழுதிப் படிக்கட்டில் ஒட்டினார். அக்கம்பக்கத்தில் ஸலாம் நின்றது. மேல்வீட்டிலிருந்து வரும் வெள்ளிக்கிழமை மக்லூபா சோறும் நின்றது.

"இப்போ தூக்கம்?"

"பசியில எங்கேம்மா தூங்குறது?"

"இன்னும் ஒரு தாள் கொடுத்தா கூரையும் போயிடும்" என்றாள் உம் கைஸ், காயிலிருந்து கண்ணெடுக்காமல்.

"அதான் முடிவே பண்ணிட்டேன். வீட்டை வித்துட்டு அகபாவுல மககிட்டப் போறேன். ஸல்மா வச்ச மல்லிகையே கருகிப்போச்சு. இனிமே அங்கே என்ன இருக்கு?"

"முன்திர் ஐயா, அவசரப்படாதீங்க. மறுபடி முதல் கட்டத்துலேருந்து பார்ப்போம்."

"அஞ்சும் நிரம்பிடுச்சும்மா."

ஃபோனில் சொன்னால் அழுதுவிடுவார். அதனால் மகளுக்குக் கடிதமாக எழுதினார். உறையை நாக்கால் நனைத்து ஒட்டினார். அந்த வீட்டில் மிச்சமிருந்த ஈரம் அதுதான்.

அகபாவுக்குக் காலையில் ஒரே பஸ்; கடிதமும் அதில்தான் போகும். ஓட்டுபவன் அபூ ஹாஸிம். முன்திர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உறையை நீட்டினார். அவன் விலாசத்தைப் படித்து, சட்டைப்பையில் வைத்து, வண்டியைக் கிளப்பினான். பிறகு ஜன்னலில் தலை நீட்டினான்.

"உங்க தொட்டி குளிர்காலத்துலேயே அடி ஓட்டை. நீங்க வெட்டினது, என் தொட்டியிலேருந்து உங்களுக்கு நான் தினம் திறந்துவிட்ட குழாய். சொன்னா வாங்கமாட்டார், சொல்லிடாதேன்னு கேட்டுக்கிட்டது உங்க வீட்டம்மாதான்."