செயற்கைக்கோளுக்கு இரண்டு வாசல்

கும்மிடிப்பூண்டி
12-9-1975

மதிப்புக்குரிய சம்பந்தி திருமலை அவர்களுக்கு, பழைய இரும்புக் கடை இராமலிங்கத்தின் வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் உங்கள் மகன் மணவாளன் எங்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்து, வானத்தில் போகிற செயற்கைக்கோள் வழியாக ஒரு ஜப்பான்காரருடன் பேசிவிட்டார்! ஆகையால், "அந்தப் பட்டறைகளுக்கு நடுவில் உன் ஒயர்லெஸ் எடுபடாது, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு திருவள்ளூருக்கே வந்துவிடு" என்று அவருக்கு எழுதினீர்களே, அதை மறந்துவிடுங்கள். என் ஒரே மகளை அனுப்ப நான் தயாரில்லை.

ஒரு வாரமாக அவர் ஒயர்லெஸ் பெட்டியில் கொர்ரென்ற இரைச்சல்தான். ஒரு ரோடு அடைத்தால் மறு ரோட்டில் லாரியைத் திருப்புகிறவன் நான், "மாப்ளே, இந்த அலைவரிசை பேண்டு சரியில்லன்னா வேற பேண்டுக்கு மாறிக்கினா இன்னா?" என்றேன்.

"அந்தக் கோளு ரெண்டு வழி வச்சிக்கினுகீது மாமா. ஒருநாள் ரெண்டு மீட்டர் பேண்டுல வாங்கி பத்து மீட்டர்ல தரும். மறுநாள் எழுவது சென்டிமீட்டர்ல வாங்கி ரெண்டு மீட்டர்ல தரும். அதுல இரைச்சல் கம்மி. ஆனா அதுக்கு வேற டிரான்ஸ்மிட்டர் கட்டணும்."

அடடா, ஒரு வாசலில் சரக்கு இறக்கி மறு வாசலில் ஏற்றுகிற என் கிடங்கேதான்! ஒரே வாசலென்றால் வண்டியோடு வண்டி முட்டிக்கொள்ளுமே. "அதையும் கட்டுங்க, எது சுத்தமோ அதுல ஓட்டலாம்" என்று ஏரியலுக்கு அலுமினியக் குழாய்களைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டேன். கட்டி முடிகிறவரை பத்து மீட்டர்தானே? இரைச்சலுக்குக் காரணம் வெல்டிங்தான் என்று முடிவுகட்டி, நேராகப் பக்கத்து வெல்டிங் பட்டறை சாலமோனிடம் போனேன்.

"வானத்துல போறதுக்கு நான் ஏன் மொதலாளி வெல்டிங்க நிறுத்தணும்?"

"இருவது நிமிஷந்தாம்பா. எம் பொண்ணு என் ஊட்டோட இருக்கணுமா, வேணாமா?"

கோள் வரும்போதெல்லாம் அவர் ஆட்களுக்கு டீயும் வடையும் என் செலவு என்று பேசி முடித்ததும் நிறுத்தினார். நானும் கடையை மூடி, ஆட்களோடு மாடி ஏறினேன். இரைச்சல் போயே போச்சு! ஜப்பான்காரர் குரல் கணீரென்று வந்தது. "பழைய இரும்பு டன்னு இன்னா ரேட்டுன்னு கேளுங்க மாப்ளே" என்றேன். மாப்பிள்ளை மைக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயோ மாமா, இது பொழுதுபோக்கு ஒயர்லெஸ்ஸு, இதுல வியாபாரம் பேசினா லைசன்ஸே பூடும்!" என்று அலறினார். நல்லவேளை, ஜப்பான்காரருக்குத் தமிழ் தெரியாது.

ஆக, குற்றம் எங்கள் ஊர் மேல் இல்லை. சாலமோனின் வெல்டிங் மேல்தான். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் எல்லா நலமும் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
இராமலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் விஷயம் தலைகீழாகிவிட்டது. இன்று காலை சாலமோன் பட்டறையில் வெல்டிங் பொறி பறக்கிறது, பெட்டியில் இரைச்சலே இல்லை. என் கடையில் இரும்பு வெட்டும் மெஷினைப் போட்டார்கள், கொர்ரென்றது! சாலமோனிடம் ஓடி, "இனிமே நீ நிறுத்த வேணாம்பா" என்றால், "பேசினது பேசினதுதான் மொதலாளி" என்கிறார். ஆகவே முடிவான பேச்சு இது: கோள் வரும்போதெல்லாம் என் மெஷின் நிற்கும்; மாப்பிள்ளை இங்கேயே இருப்பார்; சாலமோன் பட்டறையில் எட்டுப் பேருக்கும் டீயும் மசால்வடையும் என் செலவு.