ஜமால் மார்க் தீப்பெட்டி

லாரி வர நான்கு நாள்தான் இருந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் இன்னும் முடிவாகவில்லை. மேனேஜர் காளீஸ்வரன் மதியச் சாப்பாட்டைத் திறந்த வேகத்தில் மூடி வைத்தார்.

மஸ்கட் வியாபாரி ஒருவர் முதல் தடவையாக ஆர்டர் கொடுத்திருந்தார். அவரிடம் போனில் பேசிய முதலாளி விஜயராஜ், "பெட்டி மேல ஜமால்னு போடச் சொல்லுதாவ. வெறும் பேரு மொட்டையா இருக்கும்வே. அர்த்தம் பாத்து ஒரு படத்தையும் போட்டுரும்" என்று சொல்லிவிட்டு, குளத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் உமாராணி தேடிப் பார்த்து, அரபியில் ஒட்டகம் என்றாள். காளீஸ்வரன் அன்றே ஒட்டகம் போட்டு லேபிள் அடிக்கக் கொடுத்தார். கட்டுக் கட்டாக வந்து இறங்கிய பிறகுதான் மனசு உறுத்தியது. ஒன்றை எடுத்துக்கொண்டு பஜாரில் அத்தர்க் கடை வைத்திருக்கும் காசிம் பாயிடம் போனார். பாய் பதினைந்து வருஷம் மஸ்கட்டில் இருந்தவர்.

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஒட்டகம்னா ஜமல். இது ஜமால். நடுவுல இழுத்தா அழகு, இழுக்காட்டி ஒட்டகம்."

"ஆம்பளைக்கு அழகுன்னா பேரு வைப்பாவ?"

"நம்ம பக்கம் அழகர்சாமின்னு வைக்கலையா அண்ணாச்சி? மூஞ்சி மட்டுமில்ல, குணத்தோட அழகும் அதுல சேர்த்தி. ஆர்டர் குடுத்தவிய வாப்பா பேராக்கூட இருக்கும். கீழ ஒட்டகத்த நிறுத்துனா மனசு நோகும்லா."

ஒட்டகம் பழைய பேப்பருக்குப் போனது. அழகு என்று கேட்டதும் அச்சகத்துக்காரர் தன் கைவசம் இருந்த ஒரு பெண் படத்தைச் சேர்த்துக் கொடுத்தார். ஜிமிக்கி, மல்லிகைப்பூ, ஒரு சிரிப்பு. அதைப் பார்த்த பாய் லேபிளை மேஜையில் கவிழ்த்து வைத்தார். ஆண் பேருக்குக் கீழே யார் வீட்டுப் பெண்ணையோ போட்டால் இருக்கிற ஆர்டரும் போய்விடும் என்பது காளீஸ்வரனுக்கே புரிந்தது.

வேறு வழியில்லாமல் முதலாளிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். "ஆம்பளை அழகுதான வேணும்?" என்று கேட்டுவிட்டு முதலாளி போனை வைத்துவிட்டார். கால் மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. முறுக்கு மீசையும் மாலையுமாக முதலாளியின் கல்யாணப் போட்டோ.

மறுத்துப் பேசக் காளீஸ்வரனுக்குத் தெம்பில்லை. அச்சடித்து வாங்கி, இரண்டு நாள் ஆட்களை உட்காரவைத்து ஒட்ட வைத்தார். பெண்கள் குனிந்த தலை நிமிராமல் சிரித்தார்கள். ஆறுமுகத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. தீப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மொதலாளி நல்லாத்தான இருக்காவ?"

நாலாம் நாள் சொன்னபடி லாரி வந்தது. டிரைவர் சோலைச்சாமி கயத்தாற்றுக்காரர். வேறு கம்பெனிகளிலிருந்து அதே மஸ்கட் வியாபாரிக்கு வருஷக்கணக்காக லோடு ஏற்றுகிறவர். தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டிய அட்டைப்பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று காளீஸ்வரன் அலுப்போடு கேட்டார்.

"அட்டைப்பெட்டி ஒண்ணுலயும் ஜமால்னு எழுதக் காணோமே அண்ணாச்சி. அங்கன ஹார்பர்ல சரக்க எறக்கிக்கிட வார ஆளு பேருல்லா அது."