கேனோ மாமாவும் விபூதி பூசிய கார்த்திக்கும்

விருதுநகரிலிருந்து கல்கத்தா வந்தபோது என்னிடம் இருந்தது நாலாம் வகுப்புப் படிப்பும் ஒரு தகரப் பெட்டியும்தான். லேக் மார்க்கெட்டில் கூடையில் அப்பளம் விற்றேன். கடை கட்டினேன். கடை தீப்பிடித்தது; திரும்பவும் கட்டினேன். மாவு மில் கட்டினேன். காப்பிக்கொட்டை வாசனையே ஆகாது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போன வங்காளிகளை என் கடை வாசலில் வரிசையில் நிற்க வைத்தேன். மகனுக்கு நியூ டவுனில் மேகம் உரசுகிற உயரத்தில் ஃப்ளாட் வாங்கிக் கொடுத்தேன். முடியாது என்று ஊரே சொன்னதையெல்லாம் கட்டி முடித்தவன் நான். ஆனால் வெறும் கேள்வி கேட்டே ஒரு கட்டடத்தை எழும்பவிடாமல் செய்தவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் கேனோ மாமா.

'கேனோ' என்றால் வங்காளத்தில் 'ஏன்'. கிடர்பூர் துறைமுக ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். அங்கே வந்த கப்பல்களெல்லாம் அவர் கேள்விக்குப் பயந்துதான் சீக்கிரம் சரக்கிறக்கிவிட்டுக் கிளம்பினவாம். மீன்காரியிடம் நின்று, "செத்த மீன் ஏன்மா கண்ணை மூடறதில்லே?" என்று கேட்பார். இத்தனைக்கும் அவர் வீட்டில் வெங்காயம்கூட வாங்குவதில்லை. என் கடைக்கு வந்தால் கால் கிலோ உளுந்துக்கு முக்கால் மணி நேரம்.

"அண்ணாச்சி, உளுந்துக்கு ஏன் கறுப்புத் தோல்?"

"மாமா, உமக்கு உளுந்து வேணுமா, பதில் வேணுமா?"

"ரெண்டும் வேணும். உளுந்தை மட்டும் நிறுத்துக் குடுங்கோ."

மாமாவுக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கேள்வி கிடையாது. அது மாமி. மாமிக்கு ஞாபகம் போய்விட்டது. பெற்ற பெண் பெயர் தெரியாது, சாப்பிட்டது தெரியாது. ஆனால் வீட்டுக்கு எதிர்த்தாற்போல் இருந்த பார்க்கில் கொண்டுவிட்டால் தானாகவே சுற்றுவாள். சுற்றிலும் கம்பி வேலி, ஒரே ஒரு வாசல். தொலைந்துபோக வழியே இல்லை. மாமா வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு சுற்றுக்கும் மாமி அவரைப் புது மனுஷனைப் பார்ப்பது போல் பார்த்து, "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். மாமாவும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று, "பரம சௌக்கியம்" என்பார். அந்த நடை ஒன்றுதான் மாமிக்கு மிச்சம்.

அந்தப் பார்க்கைத்தான் கட்டடம் கட்டி விற்கிற ஒரு புரமோட்டர் தகரம் வைத்து அடைத்தான். கீழே கார் நிறுத்த, மேலே கடைகள் என்று திட்டமாம். புதிதாகக் கல்யாணமான பையன், கண்ணாடியைத் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டு திரிவான். வாசலிலேயே ஒரு தகரக் கொட்டகை போட்டு அதை ஆபீஸ் என்றான். தெருக்காரர்கள் கூடினோம். கையெழுத்து வாங்கினோம். எங்கள் தெரு கிளப் செக்ரட்டரி தத்தா பாபு அருமையாகப் பேசுவார், பேசினார். கேஸும் போட்டோம். கேஸ் அதன் போக்கில் ஊர்ந்தது, புரமோட்டரின் மண் தோண்டும் மிஷின் அதன் போக்கில் வந்து நின்றது.

அதற்குள் ஒருநாள் மாமி தானே கிளம்பி, கரியாஹாட் முக்கில் பஸ்களுக்கு நடுவே நின்று எல்லா டிரைவரையும் சௌக்கியம் விசாரித்துக்கொண்டிருந்தாள். அன்று முதல் மாமா வீட்டைப் பூட்டி வைத்தார். மாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தகரத்தையே பார்த்தபடி நின்றாள். உளுந்து வாங்க வந்த மாமா முதல் தடவையாக ஒன்றும் கேட்காமல் போனார்.

கார்த்திகை பிறக்கிற சமயம். கடையில் ஒரு வங்காளி அம்மாள் சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாள். புதுசாகக் கல்யாணமானவர்கள் வீட்டு வாசலில் கார்த்திக் சிலையை, அதாவது நம்ம முருகனை, யாராவது ராத்திரியில் ரகசியமாக வைத்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். வைத்துவிட்டால் போச்சு. ஆண் பிள்ளை பிறக்க வேண்டும் என்று அந்த வீட்டார் பூஜை செய்தே ஆக வேண்டும். தொடர்ந்து சில வருஷங்களுக்கு. மூலையில் நின்ற மாமாவின் காது விடைத்தது.

"கேனோ? பண்ணாட்டா என்ன ஆகும்?"

"ஐயோ தாது," தாத்தாவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், "வந்த சாமியைத் திருப்பி அனுப்ப முடியுமா?"

நேரே பூசாரியிடம் போனார். நானும் ஓடினேன்.

"வாசல்னா எது? வீட்டு வாசல்தானா, ஆபீஸ் வாசலும் சேத்தியா?"

பூசாரி தலையைச் சொறிந்தார். "செருப்பைக் கழற்றி வைக்கிற இடம் வாசல்தான், தாது."

"அந்தப் பையன் கொட்டகைக்கு வெளியிலதான் ஷூவைக் கழட்டறான், நான் பாத்திருக்கேன்! சரி, ஏன் ராத்திரியிலதான் வைக்கணும்? மத்தியானம் வெச்சா சாமி கோச்சுப்பாரா?"

கல்கத்தாவில் மத்தியானம்தான் ராத்திரியைவிட ஆள் அரவம் இல்லாத நேரம். சோறு உண்டதும் ஊரே படுத்துவிடும். புரமோட்டரின் காவல்காரனும் வங்காளிதான்.

சிலை வாங்கி வந்தது யார்? நான்தான். பொம்மை செய்கிறவனிடம் போய், "வள்ளி, தெய்வானை எங்கப்பா?" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "கார்த்திக்குக் கல்யாணமே ஆகலையே அண்ணா!" முருகனுக்குக் கல்யாணம் ஆகவில்லையாம்! ரெண்டு கல்யாணம் ஆனவரைப் பிரம்மச்சாரி என்கிறான். சண்டையே வந்துவிட்டது. கடைசியில் சுருட்டை முடியும் அரும்பு மீசையுமாக, மயில் மேல் உட்கார்ந்த மாப்பிள்ளையை என் கடைத் தள்ளுவண்டியில் கோணிக்குள் மறைத்துக் கொண்டுவந்தேன்.

மத்தியானம். காவல்காரன் குறட்டை. மாமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து, ஷூ கழற்றும் இடத்தில் இறக்கினோம். யாரும் பார்க்கவில்லை. ஓடிவந்திருக்கலாம். ஆனால் முருகனை வெறும் நெற்றியோடு விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. மடியிலிருந்து விபூதி எடுத்து மூன்று விரலால் பட்டையாகப் பூசிவிட்டு வந்தேன்.

சாயந்தரமே புரமோட்டர் என் கடையில் வந்து குதித்தான்.

"மதராஸிகள் வேலைதானே இது? எந்த வங்காளி கார்த்திக்குச் சாம்பல் பூசுவான்? நாளைக்கே கங்கையில போடறேன் பாருங்க!"

என்னை மாமா பார்த்த பார்வை இருக்கிறதே! "அண்ணாச்சி, ஏன்?" என்றார். நான் மடியில் மிச்சமிருந்த விபூதியை இறுக்கி முடிந்துகொண்டேன்.

ஆனால் மறுநாள் காலை புரமோட்டரின் அம்மாவே வந்துவிட்டாள். சிலையின் நெற்றியைப் பார்த்தாள், கையெடுத்துக் கும்பிட்டாள். "அடே, கார்த்திக் தெற்கிலிருந்து நடந்தே வந்திருக்கார்டா! அந்த ஊர்ச் சாம்பலோட வந்திருக்கார்! இதையா கங்கையில போடறேங்கற?"

"மாஷிமா," என்று சித்தி முறை வைத்து மாமா மெதுவாக நுழைந்தார். "சாமி வந்து இறங்கின இடத்துல பூஜை பண்ணணுமா, தூக்கிண்டு போயும் பண்ணலாமா?"

"இறங்கின இடத்துலதான்!"

"அப்போ இனிமே வர வருஷமெல்லாம் இங்கேயேதானே பண்ணணும்? நடுவில இந்த மண்ணைத் தோண்டலாமோ?"

அந்த அம்மாள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். பந்தல் போட வாசல் பக்கத் தகரத்தைப் பிரித்தார்கள். டாக் என்கிற வங்காள மேளம் முழங்க, மாமி விடுவிடுவென்று உள்ளே போய்ச் சுற்ற ஆரம்பித்தாள். முதல் சுற்றில் கார்த்திக்கையும் சௌக்கியம் விசாரித்தாள்.

மிஷின் போனது. மறு வருஷமும் பூஜை நடந்தது. ஊர்ந்துகொண்டிருந்த கேஸ் அதற்குள் வந்து சேர்ந்து, பார்க் பார்க்காகவே இருக்கட்டும் என்று உத்தரவாகிவிட்டது. புரமோட்டருக்குப் பெண் குழந்தை. "கார்த்திக் வந்தா பையன்தான்னு சொன்னாளே, ஏன் பொண்ணு?" என்று மாமா இன்னும் பூசாரியை விரட்டிக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் பார்க் வாசலில் கிளப்காரர்கள் கல்வெட்டு வைத்தார்கள். கவுன்சிலர் பெயர் இருக்கிறது, தத்தா பாபு பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. மாமா பெயரும் இல்லை. கேட்டால், "எனக்கெதுக்கு அண்ணாச்சி கல்லு? அவ நடக்கறா, போறும்" என்கிறார்.

எனக்குப் போதாது. சிலை தூக்கியவன் நான், வண்டி என்னுடையது, காரியத்தை முடித்த விபூதி என் மடியில் இருந்தது. தத்தா பாபு, நான் இதை எழுதுகிற இந்தப் பத்திரிகையை யாராவது உங்களுக்குப் படித்துச் சொல்வார்கள். கல்லை மாற்றுங்கள். என் பெயரைப் பெரிய எழுத்தில் வெட்டுங்கள். மாமா பெயரை அதற்கு மேலே வெட்டுங்கள். இன்னொருத்தர் பெயருக்குக் கீழே என் பெயரைப் போடச் சொல்லி நான் கேட்பது இதுதான் முதல் தடவை.